வீட்டு முற்றத்தில் ஐந்து கார்களுக்கு ஒரே நாளில் வேலை பார்க்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். உச்சிப்புளியை அடுத்த ஊரில், அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டார் என ஐந்து குடும்பத்தாரிடம் பத்து ஆண்டுகளைக் கடந்த ஐந்து கார்கள் இருக்கின்றன. உங்கள் முற்றத்தில் தென்னை நிழலில் அவற்றை நிறுத்த இடம் உண்டு. உங்கள் மச்சான் வளைகுடாவில் சில காலம் கேரேஜில் வேலை பார்த்துத் திரும்பியவர். மற்றவர்களுக்குச் சக்கரம் மாற்றிய பழக்கம் மட்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி எல்லாக் கார்களுக்கும் வேலை பார்த்துவிடலாமா, அதற்கு என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. கருவிகளைப் பிறகு சொல்கிறேன். அதைவிட முன்னால் தீர்மானிக்க வேண்டியது, எந்த வேலையை அன்று கையில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பது. அது சரியாக அமைந்தால் இருக்கிற கருவிகளே பெரும்பாலும் போதும்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயின்று, ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் பல ஆண்டுகள் பட்டறை வேலை பார்த்தவன். இப்போது பட்டறை நடத்தவில்லை என்பதால் உங்களை அங்கே வரவழைக்கும் எண்ணம் எனக்கில்லை. சாதாரண கியர் உள்ள சிறிய பெட்ரோல், டீசல் கார்களே என் பழக்கம். தானியங்கி கியர் பெட்டியும் மின்சாரக் காரும் என் எல்லைக்கு வெளியே. உங்கள் கார்களை நான் பார்த்ததில்லை. ஆகவே, அவற்றின் அடிப்பாகத்தில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்து, கீழே சொல்வதில் சில மாறவும் கூடும்.

வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே ஓர் அளவுகோலைத்தான் சொல்வேன். ஒரு போல்ட் முறிந்தோ, மரை (திருகுப் புரி) போயோ, வாங்கி வைத்த பாகம் பொருந்தாமலோ வேலை பாதியில் நின்றுவிட்டால், அந்தக் கார் மாலையில் தன் சக்கரத்தில் ஓடிப் பாதுகாப்பாக வீடு போய்ச் சேருமா? சேரும் என்றால் அதை எடுக்கலாம். சேராது என்றால், முன்பு அதே வேலையைத் தனியாக முடித்த ஒருவர் உங்களில் இருந்தால் மட்டும் எடுக்கலாம். இல்லையேல் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். ஞாயிறன்று உதிரி பாகக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். ராமநாதபுரத்தில் கிடைக்காத ஒரு சிறு வாஷருக்காக நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டிய நிலையும் வரலாம்.

இந்த அளவுகோல் எந்த ஊருக்கும் பொருந்தும் என்றாலும், நம் கரையில் அதற்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த மண்டபம், உச்சிப்புளிப் பகுதியில், மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். காரின் அடியில் படிந்த உப்பு இவ்வாறு இரவுதோறும் நனைந்து, போல்டையும் நட்டையும் ஒன்றாகத் துருவேற்றி இறுக்கிவிடுகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தன் அரிப்புச் சோதனை மையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதற்கும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சும் பயன்பட்டதற்கும் காரணம் இந்தக் காற்றுதான். அரை மணி நேரத்தில் முடியும் என்று காணொளியில் காட்டப்படும் வேலை நம்மிடம் அரை நாளைத் தின்பதற்கும் பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவன்று, கழல மறுக்கும் ஒரு போல்டுதான்.

ஆகவே உங்கள் ஞாயிற்றுக்கிழமையின் வெற்றி முந்தைய வாரத்திலேயே முடிவாகிவிடும். ஒரு வாரம் முன்னதாக ஐந்து கார்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு காருக்கு அரை மணி நேரம் போதும். ஒரு நோட்டில் காரின் மாடல், ஆண்டு, சேசிஸ் எண், உரிமையாளர் கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயிலின் வகையும் அளவும், டயர்களின் நிலை, பேட்டரி வாங்கிய மாதம், கண்ணுக்குத் தெரிந்த கசிவு, துரு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரே பெயரில் ஓடும் காருக்கு ஆண்டைப் பொறுத்து வேறு வேறு ஃபில்டர் வருவதால், சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்கினால் பிழை குறையும். அன்றே வீல் நட்டு ஒவ்வொன்றையும் சற்றே தளர்த்தி, அது அசைகிறது என்று தெரிந்தவுடன் மறுபடி இறுக்கிவிடுங்கள். அசையாதவற்றுக்கும், தொடப்போகும் மற்ற போல்டுகளுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் அடித்து வையுங்கள். பிரேக் டிஸ்கிலும் டிரம்மிலும் அது படக்கூடாது. இறுதிவரை அசைய மறுத்த போல்ட் இருக்கும் வேலையை ஞாயிற்றுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். என் கணிப்பில், ஐந்து கார்களில் மூன்றுக்கு மட்டும் வேலை, மற்ற இரண்டுக்கு முழுச் சோதனை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஐந்துக்கும் வேலை என்று தொடங்கினால் பிற்பகலில் ஐந்தும் திறந்து கிடக்கும்.

அடுத்தது தரை. உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்திய ஒரே சொல் முற்றம் என்பது. நம் ஊர் முற்றம் மணல். மணலில் நிறுத்திய ஜாக்கி எந்தக் கணத்திலும் சாயும். வீட்டு முன்புறம் சிமெண்ட் தளம் இருந்தால், உயர்த்த வேண்டிய காரை அங்கே மட்டுமே உயர்த்துங்கள். இல்லையென்றால் மணலைச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கி, ஜாக்கிக்கும் தூக்கிய காரைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் குறைந்தது ஒன்றரை அடிச் சதுரமுள்ள கனமான பலகையோ 18 மில்லிமீட்டர் பிளைவுட்டோ போட வேண்டும். அப்போதும் யாரும் அடியில் நுழைய வேண்டிய வேலையை நான் மணலில் அனுமதிக்க மாட்டேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காரின் அடியில் தலையையோ கையையோ நீட்டக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. காருடன் வரும் கத்தரி ஜாக்கி வழியில் சக்கரம் மாற்றுவதற்கு மட்டும் உரியது. சிறிய கார்கள் 750 முதல் 1,000 கிலோ வரை எடை கொண்டவை என்பதால் சக்கரம் வைத்த இரண்டு டன் டிராலி ஜாக்கியும், இரண்டோ மூன்றோ டன் தாங்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் போதும். செலவழிக்க வேண்டியது இதில்தான். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக், செங்கல், தென்னங்கட்டை எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகே தூக்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை, முன்சக்கரத்துக் கட்டையும் கியரும்தான் காப்பு. ஸ்டாண்டில் இறக்கியவுடன் காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்து, கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்க வைத்துவிடுங்கள். தூக்குமுன் ஜாக்கி வைக்கும் விளிம்பை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள்; மந்தமான ஓசையோடு தூள் உதிர்ந்தால் அங்கே தகடு உள்ளே அரித்திருக்கிறது, அந்தக் காரை வீட்டில் தூக்கவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே உயரத்தில் இருக்கட்டும்.

இனி எடுக்கத் தகுந்த வேலைகள். பேட்டரி டெர்மினல் சுத்தம், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர், பல்பு, டயர் காற்றழுத்தம் ஆகியவற்றை யாரும் செய்யலாம். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும் என்பதையும், டெர்மினலில் பூத்த வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்த பின் வாசலின் தடவ வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும். மல்டிமீட்டர் இருந்தால், இரவு முழுதும் ஓடாமல் நின்ற காரின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டுகிறதா, இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8க்கும் 14.4க்கும் இடையே ஏறுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் முற்றிலும் ஆறிய பிறகே தொட வேண்டும். அதற்கு முன் பிளக் இருக்கும் குழியைச் சுற்றிய மணலை ஊதி அகற்றாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும்.

இன்ஜின் ஆயில் மாற்றுவதைத்தான் எல்லாரும் முதலில் ஆசைப்படுவார்கள். அது எளிய வேலைதான் என்றாலும், என் அளவுகோலின்படி எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆயிலை இறக்கிய பிறகு வடிதுளையை மூடும் டிரெய்ன் பிளக்கின் மரை போனால் கார் அங்கேயே நிற்கும். எனவே மச்சான் உடனிருந்து, ஒரு நேரத்தில் ஒரு காருக்கு மட்டும் செய்யுங்கள். பிளக்கைக் கையால் முழுச் சுற்றுகள் சுற்றி மரை சீராகப் பிடித்ததா என்று உறுதி செய்த பிறகே ஸ்பானர் போட வேண்டும். புது வாஷர் அவசியம். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை ஏற்றினால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் முழுதும் பீய்ச்சியடித்துவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்ட இடத்திலிருந்து கையால் முக்கால் சுற்று இறுக்குவது வழக்கம். உங்கள் ஃபில்டரின் பெட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஐந்து காருக்கும் ஒரே பெரிய டின் வாங்கிப் பங்கிட்டால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் தேவை வேறு. 2020க்குப் பிந்தைய பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் காரை யாராவது விருந்தாளியாகக் கொண்டுவந்தால், அதன் புகை வடிகட்டிக்காகக் குறைந்த சாம்பல் தரும் தனி ஆயிலே ஊற்ற வேண்டும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, பார்ப்பது எல்லாருக்கும், தொடுவது ஒருவருக்கு. சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் தடிமன் தெரியும். உராயும் பகுதி மூன்று மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நம் கரையில் பேட் தேய்வதைவிட, பேடை அழுத்தும் காலிபர் என்ற பாகம் நழுவும் பின்கள் துருவால் இறுகி ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்வதை அதிகம் பார்த்திருக்கிறேன். உள்பக்கப் பேடையும் கட்டாயம் பாருங்கள். உங்கள் மச்சான் வளைகுடாவில் பேட் மாற்றும் வேலையைத் தானே செய்தவர் என்றால் ஒரு காருக்கு அதை முடிக்கலாம். முடித்த பின், காரை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டிப்பட்டதை உறுதி செய்ய வேண்டும். இல்லையெனில் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. பிரேக் ஆயில் குழாயைத் திறக்கும் எந்த வேலையையும் அன்று செய்ய வேண்டாம். பழைய பேடிலும் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. டிரம்மின் தூசியை வாயாலும் காற்றாலும் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஏ.சி. வாயு, ஏர்பேக் சார்ந்த மஞ்சள் இணைப்புகள், பெட்ரோல் குழாய்கள், சி.என்.ஜி. மற்றும் எல்.பி.ஜி. அமைப்பு, டைமிங் பெல்ட், ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் சஸ்பென்ஷன் ஆகியவை வீட்டு வேலையே அல்ல. 

கூலன்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் கெடுவது அதுதான். குறையும்போதெல்லாம் போர்வெல் நீரை ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. காவிரி கூட்டுக் குடிநீருக்குக் காத்திருக்கும் ஊர்களில் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பு ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் உள்ளிருந்து அரிக்கும். கலந்தே விற்கும் கூலன்ட்டையோ, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டையோ மட்டும் சேர்க்க வேண்டும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. கொட்டிய கூலன்ட்டை உடனே நீர் ஊற்றித் துடையுங்கள். இனிப்புச் சுவையுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, முற்றத்தில் திரியும் நாயும் ஆடும் அதை நக்கும். காரை போர்வெல் நீரில் கழுவுவதும் இதே வகைத் தவறுதான். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் கிடைத்தாலும் அதை மேலே ஊற்றிப் பளபளப்பாக்குவதை விட்டு, அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் செலவிடுங்கள்.

துருவுக்குப் பூச்சு அடிப்பதையும் பட்டியலில் சேர்க்க நினைப்பீர்கள். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, ஈரமும் உப்பும் உள்ள துருவின் மேல் தாரைப் போன்ற பூச்சை அடித்தால் அது ஈரத்தை உள்ளே அடைத்து அரிப்பை மறைத்துவிடும் என்பது. வெள்ளிக்கிழமை நல்ல நீரில் கழுவி, சனிக்கிழமை வெயிலில் உலர விட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, துருவைக் கெட்டிப் படலமாக்கும் துரு மாற்றி தடவி, பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே மேல்பூச்சு என்றால் பயன் உண்டு. துரு மாற்றி எத்தனை காலம் தாங்கும் என்பதில் எங்கள் தொழிலிலேயே ஒத்த கருத்து இல்லை. மெழுகு வகைப் பூச்சை ஆண்டுதோறும் புதுப்பிப்பதே நம் கரைக்கு ஏற்றது என்பது என் சாய்வு, அளந்து நிரூபித்ததன்று. கதவின் கீழ் விளிம்பில் நீர் வடியும் துளைகளில் மணல் அடைத்திருக்கும். ஒரு மரக்குச்சியால் குத்தி விடுங்கள். செலவே இல்லாத அந்த வேலையால் கதவு தப்பிப் பார்த்திருக்கிறேன்.

நாளைத் தேர்வதற்கு, தை பிற்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் முற்றியிருக்காது. ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும்போது இன்ஜினைத் திறந்து வைப்பது வீண் வம்பு. படகு மெக்கானிக் யாராவது தெரிந்தவர் இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவருக்கு ஓய்வு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். விசைப்படகுகளின் பழுது வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, பகல் ஒரு மணிக்குப் பிறகு புதிதாக எதையும் கழற்றுவதில்லை என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். பிரேக் பேட் வேலை தவிர, மச்சான் ஒரு காரையும் சொந்தமாக எடுக்காமல் எல்லாவற்றையும் மேற்பார்வையிடட்டும். கருவிகளைத் தார்ப்பாயில் பரப்பி, எடுத்ததும் திரும்பியதும் ஒருவர் கணக்கு வைக்கட்டும். இன்ஜின் அறைக்குள் மறந்த ஸ்பானர் பெரிய செலவு வைக்கும். கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து, போல்டுகளை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். மணலில் விழுந்த சிறு போல்ட் கிடைப்பது அரிது. கைலியோடு வேலைக்கு இறங்க வேண்டாம். மோதிரம், சங்கிலி, இரும்புக் கைக்கடிகாரம் மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலக்கூடும். இத்தனை பேர் கூடினால் பிரியாணி இல்லாமல் முடியாது. அடுப்பை மட்டும் வீட்டின் மறுபக்கத்தில் மூட்டுங்கள், பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து வெகுதூரம் வரும். தீயணைப்பான் ஒன்றும் மணல் வாளிகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கருவிகளில், ஜாக்கியும் ஸ்டாண்டும் போக, 8 முதல் 24 மில்லிமீட்டர் வரையிலான ரிங் ஸ்பானர், சாக்கெட் செட், வீல் ஸ்பானர், ஆயில் பிடிக்கும் அகலத் தட்டு, நைட்ரைல் கையுறை ஆகியவை போதும். நட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றைக் கூட்டாக வாங்குங்கள். சிறிய கார்களின் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை வரும், சரியான எண் கையேட்டில் இருக்கும். பணம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால், முதல் முறை அனேகமாக ஒன்றும் மிஞ்சாது.

மூன்று காருக்கு ஆயில் மாற்றினால் ஏறத்தாழ பத்து லிட்டர் கழிவு ஆயில் சேரும். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. மணல் தரையில் கொட்டினால் ஆழமில்லாத நம் கிணற்று நீரில் கலந்துவிடும். கரையானுக்கென்று மரத்தூணில் பூசுவதும், துருவுக்கென்று காரின் அடியில் அடிப்பதும் இங்கே வழக்கம்தான். இரண்டுமே வேண்டாம், ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், மீதி மண்ணில் சொட்டும். பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி மூடி, கூலன்ட்டோ பிரேக் ஆயிலோ கலக்காமல், உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் பட்டறையிடம் ஒப்படையுங்கள். வாங்கிக்கொள்வார்களா என்பதைச் சனிக்கிழமைக்குள் கேட்டு வையுங்கள். கொட்டிய ஆயில் ஊறிய மணலையும் அள்ளித் தனியே கட்டுங்கள். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையே விலை கழித்து எடுத்துக்கொள்ளும்.

மாலையில் ஒவ்வொரு காரையும் அதன் உரிமையாளரே ஊருக்குள் மெதுவாக ஓட்டி, பிரேக் பார்த்துத் திரும்பட்டும். இரவு நிறுத்துமிடத்தில் அடியில் ஓர் அட்டையை விரித்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஆயில் குச்சியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றிய கார்களின் வீல் நட்டை ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள். ராமேஸ்வரம் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் வந்துவிடும்.